எஸ்.வி.எஸ். கிளப்பில் ஒரு மதியச் சாப்பாடும் அதன் பெயருக்குள் இருக்கும் கதையும்



சென்னைக்குப் போயிருந்தபோது எடுத்த குரூப் போட்டோவைப் போட்டாலும் போட்டேன், ஆளாளுக்குக் கேலி. "டீச்சர், கிளப்புக்கெல்லாம் போக ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒருத்தன். "அத்தை, ரம்மி ஆடுனீங்களா, எவ்வளவு விட்டீங்க?" என்று என் அண்ணன் மகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கைவிரல் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 40 நிமிடம் என் முன்னால் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் படித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் பதினோரு பேர் புத்தகக் கண்காட்சிக்காக வைகை எக்ஸ்பிரஸில் போனோம். எங்கள் கணக்கு சாரின் மருமகன் அங்கே அண்ணா சாலையில் உள்ள எஸ்.வி.எஸ். கிளப்பில் உறுப்பினர். "மாமா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, மதியச் சாப்பாடு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். எங்கள் தமிழ் ஐயா எப்போதும் வேட்டிதான். "கிளப்புன்னா பேன்ட் போடணும்னு சொல்வாங்களே தம்பி, நான் ரூம்லயே இருந்துக்கறேன்" என்று போனில் தயங்கினார். "ஐயா, அதுக்கெல்லாம் சட்டமே வந்தாச்சு, தாராளமா வேட்டியில வாங்க" என்றார் மருமகன்.

அவர் சொன்னது உண்மை. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அதற்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையும் வழக்கறிஞர்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சட்டசபையில் பெரிய பேச்சாகி, அடுத்த மாதமே சட்டம் நிறைவேறியது. வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டுக்குள்ளே, தமிழர்கள் நடத்தும் இடத்துக்குள்ளே வேட்டியோடு போகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

கிளப் என்றாலே வாசலில் யாரையாவது நிறுத்துவது என்பது பழைய கதை. 1832இல் வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் கிளப் ஆரம்பித்தார்கள். இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற பெரிய மால் இருக்கிறதே, நீங்கள் எஸ்கலேட்டரில் ஏறி செல்பி எடுக்கிறீர்களே, அந்த இடம்தான். இந்தியர் என்றால், அவர் எவ்வளவு பெரிய ஜமீன்தாராக இருந்தாலும் வக்கீலாக இருந்தாலும், உறுப்பினராக முடியாது. சாப்பாட்டுத் தட்டு ஏந்துகிறவராக மட்டும் உள்ளே போகலாம். சுதந்திரம் வந்து வெகுகாலம் ஆகியும் அந்தக் கதவு திறக்கவில்லை. இதைப் பார்த்து 1873இல் நம்மவர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து உட்காரட்டும் என்று காஸ்மோபாலிட்டன் கிளப் தொடங்கப்பட்டது. அதுவும் அண்ணா சாலையில்தான் இருக்கிறது. அங்கேயும் போய் உட்கார்ந்தவர்கள் பெரிய வக்கீல்கள், திவான்கள், ஜட்ஜுகள். நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் போயிருக்க வழியில்லை.

இனி சாப்பாடு. சாப்பாடு நன்றாக இருந்தது. சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், காரக்குழம்பு, கடைசியில் ஐஸ்கிரீம். எங்கள் குழுவில் யார் எங்கே சாப்பிட்டாலும் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். ஆளுக்கு இவ்வளவு என்று அங்கேயும் காசை எடுத்தோம். அங்கே அது செல்லாதாம். உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் அவர் கணக்கில் ஏறுமாம். கணக்கு சாருக்கே கணக்குப் பார்க்க வேலையில்லாமல் போனது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மருமகனின் பையன், கல்லூரியில் படிக்கிறவன், ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, எஸ்.வி.எஸ். னா சுகுண விலாஸ சபா. இது கிளப்புதானே? கச்சேரி சபா மாதிரி ஏன் சபான்னு பேர் வெச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் வந்து போகிற பையனுக்கு விடை தெரியவில்லை என்பதும் யோசிக்க வேண்டியது. தமிழ் ஐயா சோற்றைப் பிசைந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். அன்று சொன்னதையும், ஊருக்கு வந்து என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் புரட்டியதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

அது கிளப்பாகப் பிறக்கவில்லை. நாடகக் குழுவாகப் பிறந்தது. 1891 ஜூலை 1ஆம் தேதி. ஆரம்பித்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. அவரும் நண்பர்கள் சிலரும்.

சம்பந்த முதலியாரின் அப்பா விஜயரங்க முதலியார் பள்ளிகளைப் பார்வையிடும் கல்வித் துறை அதிகாரி. தமிழ்ப் புத்தகங்கள் பதிப்பித்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சிறு வயதில் தமிழ் நாடகம் என்றால் இளக்காரம். ஆங்கில நாடகம்தான் நாடகம், தமிழில் நடப்பது கூத்து என்ற எண்ணம். அவரே பிற்காலத்தில் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' புத்தகத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகக் குழு. பெல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் தம் சரஸ வினோதினி சபாவோடு சென்னைக்கு வந்து நாடகங்கள் போட்டார். அவர் தொழிலால் வக்கீல். அவர் கூட நடித்தவர்களும் படித்து உத்தியோகத்தில் இருந்தவர்கள். மேடையில் நிற்கிறவர்கள் இவ்வளவு படித்தவர்களா என்று பதினெட்டு வயதுப் பையன் பார்த்தான். தமிழில் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று உடனே சபா ஆரம்பித்துவிட்டான்.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் காலத்தில் நடிகனுக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? கூத்தாடி. அது தொழிலின் பெயர் இல்லை, வசவு. கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், வீடு வாடகைக்குத் தர யோசிப்பார்கள். அப்படி ஒரு காலத்தில் வக்கீலுக்குப் படிக்கிறவனும் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனும் முகத்தில் சாயம் பூசி, ராஜா வேஷமும் பெண் வேஷமும் கட்டி, டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன்னால் நின்றான். சம்பளம் கிடையாது. உறுப்பினர்களே சந்தா கட்டி நடித்தார்கள். அதனால்தான் அது உறுப்பினர்கள் சங்கம். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. சபா என்பது அன்று நாடகம் போடச் சேர்ந்தவர்களின் கூட்டம். அதற்குச் சந்தா உண்டு, ஒத்திகை உண்டு, நடிகர் பட்டியல் உண்டு. சீட்டுக்கட்டும் சாப்பாட்டு மேசையும் பின்னால் வந்தவை.

1893இல் 'புஷ்பவல்லி' நாடகத்தை மேடையேற்றினார்கள். ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கிறதே விக்டோரியா பப்ளிக் ஹால், அதுதான் பல வருடங்களுக்கு இவர்களின் மேடை. விவேகானந்தர் பேசிய அரங்கும் அதுதான். சென்ட்ரலில் ரயில் ஏறப் போகும்போது அடுத்த தடவை கொஞ்சம் நின்று பாருங்கள்.

அதுவரை தமிழ் நாடகம் என்றால் இரவு முழுக்கப் பாட்டு. சம்பந்த முதலியார் வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஆட்கள் மேடையில் பேசினார்கள். சொன்ன நேரத்துக்குத் திரை தூக்கினார்கள், அதற்கும் பெயர் வாங்கினார்கள். 90க்கு மேல் நாடகங்கள் எழுதினார். ஷேக்ஸ்பியரை எப்படித் தமிழாக்கினார் பாருங்கள்: ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். ஒலியையும் விடாமல் பொருளையும் விடாமல் பெயர் வைப்பது எளிதில்லை. தமிழ்வழியில் படித்துப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த எனக்கு ஷேக்ஸ்பியர் முதலில் கிடைத்ததே இவர் வழியாகத்தான்.

'மனோகரா' 1895இல் வந்தது. நீங்கள் அறிந்த சிவாஜி படம் 1954. அதற்கு வசனம் கலைஞர். ஆனால் கதை, மனோகரன், பத்மாவதி, வசந்தசேனை எல்லாம் படத்துக்கு 59 வருடம் முன்பே இந்தச் சபா மேடையில் பிறந்தவர்கள். 2004ஆம் வருடப் பிள்ளைகளே, ஆண்டு விழாவில் நாம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஜிகினாப் பேப்பரில் சங்கிலி செய்து மனோகரனைக் கட்டி வைத்தோம். அம்மா உத்தரவு கொடுத்த பிறகு அறுக்க வேண்டிய சங்கிலி, அவன் மூச்சை இழுத்து விட்டதிலேயே அறுந்து விழுந்தது. பத்மாவதியாக நின்ற பெண் அசரவே இல்லை. குனிந்து எடுத்து மறுபடி அவன் தோளில் மாட்டிவிட்டு வசனத்தைத் தொடர்ந்தாள். அன்றைக்குக் கைதட்டல் முழுவதும் அவளுக்குத்தான். இப்போது அவள் ஈரோட்டில் வங்கி மேலாளர். அதே சமயோசிதத்தோடு இருப்பாள் என்று நம்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சபாவில் யார் யார் நடித்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தீரர் சத்தியமூர்த்தி நடித்திருக்கிறார், மனோகரனாகவே நடித்திருக்கிறார். சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தவர் அவர்தான். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அந்தச் சபாவின் நடிகர்தான். சம்பந்த முதலியார் பின்னாளில் சென்னையில் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ் ஆனார். நடிப்பை விட்டுவிடவில்லை. கூத்தாடி என்று யாராவது சொல்ல வாயெடுத்தால், அவர் நாளைக்கு ஜட்ஜாக எதிரே உட்கார்ந்திருப்பார்! வசவு அப்படித்தான் மெல்ல அடங்கியது.

யாருக்கு அடங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி. இதைச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னபோது தமிழ் ஐயா என்னோடு கொஞ்சம் வாதாடினார். இருந்தாலும் என் கருத்து இதுதான்.

சம்பந்த முதலியாரின் சபாவில் பெண்கள் மேடையேறவில்லை. பெண் வேஷமும் ஆண்களே. அவர் கதாநாயகனாக நின்றபோது பெரும்பாலும் கதாநாயகியாக நின்றவர் அவருடைய உயிர் நண்பர் ரங்கவடிவேலு. அவரைப் பற்றி முதலியார் எழுதியிருக்கும் பக்கங்கள் அத்தனை அன்பானவை. அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் அங்கே பெண்களே. அவர் நாடகம் பார்க்க வருகிற கூட்டத்துக்காக ரயில் விட்டார்கள், அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர். கூட்டம் இருந்தது, பணம் இருந்தது. கௌரவம் மட்டும் இல்லை. அவர் தாசி குலம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் வறுமையில் கிடந்து மதுரையில் இறந்தார். வக்கீல் வேஷம் கட்டினால் கலை. பாலாமணி வேஷம் கட்டினால் வேறு பேச்சு.

இன்னொரு பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்காரர். 1867இல் பிறந்தவர், சம்பந்த முதலியாருக்கு ஆறு வயது மூத்தவர். முதலியாரைத் தமிழ் நாடகத் தந்தை என்பார்கள். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்பார்கள். தலைமை ஆசிரியர் என்ற பட்டத்துக்காகவே எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம். முதலில் அவரே நடித்தார். எமன், சனீஸ்வரன் வேஷங்களில் அவரைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார் என்று கதை சொல்வார்கள். பிறகு எழுதுவதும் பயிற்றுவிப்பதும்தான். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' எல்லாம் அவருடையவை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கினார். சின்னப் பையன்களை வைத்து நாடகம். டி.கே. சண்முகம் அதில்தான் சேர்ந்தார். சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதினார்.

இவர்கள் சந்தா கட்டி நடித்தவர்கள் இல்லை. நடித்தால்தான் சோறு. பாய்ஸ் கம்பெனி என்று பின்னால் ஊர் ஊராகக் கிளம்பிய குழுக்களில் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். வீட்டில் வறுமை, கம்பெனியில் மூன்று வேளைச் சாப்பாடு. எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ். கிருஷ்ணன் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்களே. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஒப்பனை அறையில் தூங்கியவர்கள். முப்பது வருடம் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க வீடு வீடாக ஏறி இறங்கினவள் நான். அதனால் இதை 'ஆஹா, என்ன கலை' என்று மட்டும் என்னால் சொல்லிவிட முடியாது. உச்சரிப்பும் குரலும் நினைவாற்றலும் அவர்களுக்கு அங்கே கிடைத்தது. விலையாகக் கொடுத்தது பிள்ளைப் பருவம்.

தமிழ் ஐயாவின் வாதம் என்னவென்றால், படித்தவர்கள் மேடையேறியிருக்காவிட்டால் மற்றவர்களுக்கும் மரியாதை வந்திருக்காது, முதல் கதவைத் தட்டினவர் முதலியார்தானே என்பது. அதை நான் மறுக்கவில்லை. மதுரைப் பையன்கள் டி.கே.எஸ். சகோதரர்களாக வளர்ந்து 'மனோகரா'வை மேடையேற்றினார்கள். இரண்டு பாதையும் ஒரு இடத்தில் சேர்ந்தது. இலங்கைக்கும் அந்தக் கதவு திறந்தது. 1911இல் சுகுண விலாஸ சபா கொழும்புக்குப் போய் நாடகம் போட்டது. அதைப் பார்த்த தூண்டுதலில் அங்கே இலங்கை சுபோத விலாஸ சபா உருவானது. ஈழத்து நாடகத்தின் பெரியவர் கலையரசு சொர்ணலிங்கம் கடைசி வரை சம்பந்த முதலியாரைத் தம் குரு என்றே சொன்னார். இவ்வளவும் உண்மை. ஆனாலும் மரியாதை என்பது தொழிலுக்கு வந்ததா, ஜட்ஜுக்கும் வக்கீலுக்கும் மட்டும் வந்ததா? ஐயா அதற்கு மோர் ஊற்றிக்கொண்டு சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

பிறகு நாடக சபா எப்படிக் கிளப் ஆனது? 1931இல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ் பேசும் படம். நாடகத்துக்கு வந்த கூட்டம் கொட்டகைக்குப் போனது. சம்பந்த முதலியாரின் நாடகங்களே படங்களாயின. 1936இல் ஒரு 'மனோகரா', 1941இல் 'சபாபதி'. அதே 1930களில்தான் சபா அண்ணா சாலைக்கு, அன்றைய மவுண்ட் ரோடுக்கு, சொந்த இடத்துக்கு வந்தது. சாயங்காலம் ஒத்திகைக்காகக் கூடினவர்கள் ஒத்திகை முடிந்து பேசுவார்கள், விளையாடுவார்கள், சாப்பிடுவார்கள். ஒத்திகை குறைந்தது. மற்றவை நின்றன. எனக்கு இதில் கோபம் இல்லை. நாடகம் நின்ற பிறகு கதவை அடைத்துவிட்டுப் போன சபாக்கள் எத்தனையோ. இது பெயரையாவது காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தப் பையன் கேள்வி கேட்டிருக்கவே மாட்டான்.

சம்பந்த முதலியார் 1959இல் பத்மபூஷண் வாங்கினார். 1964இல் தொண்ணூற்றொரு வயதில் காலமானார். அவருடைய நாடகங்களை இன்று எந்த ஊரில் போடுகிறார்கள்? பள்ளி ஆண்டு விழாவில் ஒரு காட்சி, கல்லூரியில் தேர்வுக்கு ஒரு பாடம். ஆனால் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இந்தப் பங்குனியிலும் நம் மாவட்டத்தில் கோயில் கோயிலாக நடக்கும். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் முதல் சந்திப்பு. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வந்தால் விடியும் வரை ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். கிளப் இல்லை, சொந்தக் கட்டடம் இல்லை, நூறு வருடம் தாண்டியும் நாடகம் மட்டும் இருக்கிறது.

இவ்வளவும் எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது ராஜபார்ட். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளை அவனைப் போல ராகம் போட்டுச் சொன்ன பிள்ளை எனக்குக் கிடைத்ததில்லை. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் கம்பெனி வேலை பார்த்து, விட்டுவிட்டு, வாத்தியார் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டு மேடைக்குப் போனான். சீசனில் மாதம் இருபது நாள் நாடகம். அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான். போன ஐப்பசியில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. கடைசியில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் "கூத்தாடிக்குப் போய்க் கொடுக்கவா?" என்று கேட்டு எழுந்துவிட்டார். அந்தப் பெரியவர் எனக்கும் தூரத்துச் சொந்தம். இந்தப் பதிவையும் படிப்பார்.

மாமா, உங்களை மரியாதைக் குறைவாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வீட்டில் சிவாஜி படம் போட்டு வைத்திருக்கிறீர்கள். எம்.ஜி.ஆர். சமாதிக்குப் பேரனைக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். அவர்கள் வந்த பாதையில்தான் இவனும் நிற்கிறான். 1891இல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் எந்தச் சொல்லுக்கு எதிராகச் சபா ஆரம்பித்தானோ அதே சொல்லை நீங்கள் 130 வருடம் கழித்து நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்று அவள் அம்மாவே என்னிடம் சொன்னாள். சம்பாத்தியத்தில் நியாயமான சந்தேகம் இருந்தால் கேளுங்கள், மழைக்காலத்தில் என்ன செய்வான் என்று கேளுங்கள், அவன் பதில் சொல்வான். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: 'நாடக மேடை நினைவுகள்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதோடு டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யையும் படியுங்கள். முதலாவது சந்தா கட்டி நடித்தவரின் கதை. இரண்டாவது சோற்றுக்கு நடித்த பிள்ளையின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் முழுப்படம் தெரியும்.

வருகிற பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் 'வள்ளி திருமணம்' வைத்திருக்கிறார்கள். அவன்தான் ராஜபார்ட். கமிட்டியில் பேசி முன்வரிசையில் இரண்டு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று மாமாவுக்கு. மற்றவர்கள் பாய் கொண்டு வாருங்கள். பத்தரை மணிக்கு மேல்தான் ஆர்மோனியம் ஆரம்பிக்கும். பனி இருக்கும், பிள்ளைகளுக்குப் போர்வை எடுத்து வாருங்கள்.